காய்ச்சல் தணிந்த பின்னும் இதயத்துக்கு ஓய்வு தேவை

வைரஸ் காய்ச்சல் தணிந்த மறுநாளே மைதானத்துக்கோ உடற்பயிற்சிக் கூடத்துக்கோ கிளம்பிவிடும் இளைஞர்கள் பலர். பெரும்பாலோருக்கு இதனால் எதுவும் நேர்வதில்லை. ஆனால் மிகச் சிலருக்கு, அடுத்த ஓரிரு வாரங்களுக்குள் நெஞ்சு வலி, படபடப்பு, படியேறும்போது மூச்சுத்திணறல், திடீர் மயக்கம் என ஏதேனும் ஒன்று தலைகாட்டுகிறது. அதன் காரணம் இதயத் தசை அழற்சியாக, அதாவது மயோகார்டைட்டிஸாக இருக்கக்கூடும்.

இன்ஃப்ளுயன்சா, அடினோ வைரஸ், பார்வோ பி19, கொரோனா எனப் பல வைரஸ்கள் இதற்குக் காரணமாகலாம்; நம் ஊரில் மழைக்காலத்தில் பரவும் டெங்குவும் சிலருக்கு இதயத் தசையைத் தாக்குவதுண்டு. இப்படி இதயத்தைத் தாக்கும் வைரஸ்களுள் நன்கு ஆராயப்பட்டது காக்சாக்கி பி என்னும் வைரஸ். அது இதயத் தசைச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து பெருகுகிறது; அதன் நொதி, செல்லின் உறுதிக்கு ஆதாரமான டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதத்தையே வெட்டிவிடுகிறது. பிறகு நோய் எதிர்ப்பு மண்டலம் வைரஸை அழிக்க வருகிறது. பலருக்கு அத்துடன் அழற்சி அடங்கிவிடும். சிலருக்கோ, வைரஸ் ஒழிந்த பிறகும் அந்தத் தாக்குதல் நிற்காமல் சொந்தத் தசையையே சிதைத்து, தழும்பை உண்டாக்கி, நாளடைவில் இதயத்தை விரிவடையச் செய்து பலவீனப்படுத்துகிறது. ஆகவே உடல் வெப்பம் இறங்கியதை மட்டும் வைத்து இதயம் தப்பித்துவிட்டது என்று முடிவு செய்ய இயலாது.

என் அக்காள் மகனுக்கு இந்நோய் வந்தபோது, முதலில் எல்லோரும் மாரடைப்பு என்றே அஞ்சினோம். ஈசிஜி மாறியிருந்தது, இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்னும் புரதமும் உயர்ந்திருந்தது; ஆனால் ஆஞ்சியோகிராமில் இரத்தக் குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. எம்ஆர்ஐ எடுத்த பிறகே, வீக்கம் தசையில் இருப்பது தெரிந்தது. தசையில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியே மிக உறுதியான சோதனை என்றாலும், அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால் அதுவும் சில வேளைகளில் தவறவிடும். எல்லோருக்கும் அது செய்யப்படுவதுமில்லை.

வைரஸை நேரடியாக ஒழிக்கும் மருந்து பெரும்பாலோருக்குத் தரப்படுவதில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளால் பொதுவாகப் பயனில்லை என்று 1995இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அழற்சியின் சில அரிய வகைகளுக்கு மட்டும் அவை இன்றியமையாதவை. மற்றபடி இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்துகளும், நிலைமை மிக மோசமானால், இதயம், நுரையீரலின் வேலையைத் தற்காலிகமாக ஏற்கும் எக்மோ கருவியுமே துணை. திடீரென்று கடுமையாகத் தாக்கும் வகைக்கு ஆளானவர்களில் 93 சதவீதத்தினர் 11 ஆண்டுகளுக்குப் பின்னும் இதய மாற்று இன்றி வாழ்ந்திருந்தார்கள் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறியது; தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனினும் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது ஓய்வைத்தான். காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளை நீந்தவைத்த பழைய ஆய்வுகளில் வைரஸின் பெருக்கமும் இறப்பும் கூடின. இந்நோய் உறுதியானவர்கள் 3 முதல் 6 மாதங்கள் வரை கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று இதயநோய் வல்லுநர்கள் நெடுங்காலமாக அறிவுறுத்தி வந்தார்கள்; இப்போது அந்தக் கால அளவை அவரவர் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்கிறார். கனடாவின் கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸ், கொரோனாவுக்குப் பின் இலேசான இதயத் தசை அழற்சி கண்டறியப்பட்டு 2022 ஜனவரியில் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, ஏப்ரலில்தான் களத்துக்குத் திரும்பினார். அக்காள் மகனுக்கும், எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்டர் (ஒரு நாள் முழுதும் இதயத் துடிப்பைப் பதிவு செய்வது), டிரெட்மில் சோதனைகள் சரியாக வந்த பிறகே மருத்துவர் ஓட அனுமதித்தார்.

காய்ச்சலுக்குப் பின் நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால், வயது 20தானே என்று வாயுத் தொல்லைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். உடனே ஈசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, அண்மையில் காய்ச்சல் வந்துபோனதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.