மல்பெரி தழையும் அத்தையோட மங்கும்

எங்க பாலக்கோடு பக்கம் மல்பெரி தோட்டத்துக்கு பஞ்சமே இல்ல, தழை வெட்டி பட்டுப்புழுவுக்கு போட்டு, கூடு கட்டினதும் தர்மபுரி மார்க்கெட்டுக்கு கொண்டு போறதுதான் பல வீட்டுல பொழப்பு. இப்ப அத்தை அந்த தழைய அரைச்சு முகத்துல பூசலாமான்னு கேக்குறாங்க. ரெண்டு கன்னத்துலயும் மங்கு. பேத்தி வாங்கின சீரம் பாட்டில்ல மல்பெரி எக்ஸ்ட்ராக்ட்னு போட்டிருக்காம், "இத்தனூண்டுக்கு இவ்ளோ வெலயா, நம்ம தோட்டத்துல கெடக்குதே கண்ணு"ங்கறாங்க.

அத்தை சொல்றது பாதி சரிதான். தோலுக்கு கருப்பு நெறம் குடுக்கற மெலனின் உண்டாக டைரோசினேஸ்னு ஒரு என்சைம் வேணும், அதுக்குள்ள காப்பர் இருக்கு, டைரோசின்ங்கற அமினோ ஆசிட்ட மெலனினா மாத்தற வேலைய தொடங்கி வைக்கறதே அதுதான். மல்பெரியில இருக்கற ஆக்ஸிரெஸ்வெரட்ரால் அந்த என்சைம மட்டுப்படுத்தும், ஆனா அது இருக்கறது முக்கியமா வேர்ப்பட்டையிலயும் குச்சியிலயும். அதிமதுரத்துல கிளாப்ரிடின், பியர்பெர்ரிங்கற வெளிநாட்டு செடியோட இலையில ஆர்புட்டின், எல்லாம் இதே வேலதான். கோஜிக் ஆசிட்டயும் ஹெர்பல்னு சொல்லி விக்கறாங்க பாருங்க, அது செடியே இல்ல, பூஞ்சையில இருந்து வர்றது, அந்த காப்பர போய் புடிச்சுக்கும்.

தழைய அம்மியில அரைச்சா அதுல எது எவ்ளோ இருக்கும், தோலுக்குள்ள எவ்ளோ எறங்கும், ஒண்ணும் கணக்கு கெடையாது. காம்ப ஒடிச்சா பால் வடியும்ல, அது சிலருக்கு அரிக்கவும் செய்யும். இதுல எலுமிச்சம்பழத்த வேற புழிஞ்சு பூசிட்டு வெயில்ல போனா வேற வெனையே வேணாம், அதுல இருக்கற ஃப்யூரனோகூமரின்ங்கற பொருள் வெயிலோட சேந்து தோல பொசுக்கி இன்னும் கருப்பாக்கிடும்.

நல்ல எக்ஸ்ட்ராக்டா இருந்தாலும் புதுசா மெலனின் உண்டாகறததான் கொறைக்கும், ஏற்கனவே இருக்கறது தோல் உரிஞ்சு உரிஞ்சு போகணும், அதுக்கு மாசக்கணக்காகும். ஒரே வாரத்துல வெளுக்குதுன்னா எனக்கு சந்தேகம்தான், பேர் தெரியாத க்ரீம்ல ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். அதனால மொதல்ல தோல் டாக்டர பாருங்க, அதுவரைக்கும் தலையில துண்டு, கலர் இருக்கற சன்ஸ்கிரீன்னு சொல்லிட்டேன், அதுல இருக்கற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அந்த வெளிச்சமும் ஆகாது.

அத்தைக்கு இப்ப வேற கவலை, சன்ஸ்கிரீன் பூசின கையோட தழை போட்டா புழுவுக்கு ஏதாவது ஆயிடுமான்னு. சோப்பு போட்டு கழுவிட்டு போங்க அத்தை, புழு வீட்டுக்குள்ள போறப்ப எப்பிடியும் கழுவணும்லன்னேன்.