வாட்டம்

என் பழைய வருகைக் குறிப்பேட்டில் ஒரே பெயருக்கு நேராக மூன்று வாரம் தொடர்ந்து ஒரே வரி இருக்கிறது: ‘ஒத்துழைப்பு இல்லை’. என் கையெழுத்துதான். இப்போது புரட்டினாலும் கூச்சமாக இருக்கிறது.

காரைக்குடியைச் சுற்றி வீடுகளுக்குப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. காலையில் கிளம்பினால் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று பைக்கில் ஒரு சுற்று. பக்கவாதம் வந்த பெரியவர்கள், மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த ஆச்சிமார்கள், எனக்குப் பழகிய கூட்டம் இதுதான். குறிப்பேட்டில் இருந்த அந்தப் பெயர்க்காரனுக்கு வயது 24. கொத்தனார். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் மராமத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தவன். டி12, அதாவது விலா எலும்பு சேரும் கடைசி முதுகெலும்பு மட்டத்தில், தண்டுவடம் முழுதாக அடிபட்டிருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் கிடையாது, உணர்வும் கிடையாது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது யாரோ, “பிசியோ பண்ணுங்க, போகப் போகப் பாக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் ‘போகப் போக’வை அவன் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகன் எழுந்து நடந்தால் பழனிக்குப் பாதயாத்திரை வருவான் என்று முருகனுக்கு வேண்டுதலும் வைத்தாகிவிட்டது.

விழுவதற்கு முன்னால் நாலு வருஷம் விடாமல் நடந்தவன்தான். தைப்பூசக் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகுமே, அந்தக் கூட்டத்தோடு. நான் போய்ச் சேர்ந்த புதிதில் தை மாதம். தெருவில் ‘அரோகரா’ சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தச் சொன்னான். அந்த வாரம் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

உட்கார வைக்கப் போனால் “நாளைக்கு” என்பான். படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைக்கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கட்டிலுக்கு அடியில் போனது. அம்மா எங்கள் இருவருக்கும் டீ கொண்டு வருவார். அவனுடையது ஆடை கட்டி அப்படியே கிடக்கும். நான் என்ன கேட்டாலும் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும். கொஞ்ச நாளில் நானும் அம்மாவைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டேன். “தம்பி சாப்பிட்டாப்லயா? ராத்திரி தூங்குனாப்லயா?” ரெண்டடி தள்ளி, கண் திறந்து படுத்திருந்தவனைப் பற்றி.

படிக்கும் காலத்தில் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளை மனப்பாடம் செய்திருந்தேன். இவன் நாலாவதில் நிற்கிறான் என்று முடிவு கட்டியதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. மரணத்தை எதிரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் பேசி உருவான கணக்கு அது. இன்னும் பல பத்து வருஷம் வாழவேண்டிய ஒரு பையனுக்கு அதை அளவெடுக்காமல் மாட்டிவிட்டது என் சோம்பேறித்தனம். தண்டுவடம் அடிபட்ட எல்லோரும் மனச்சோர்வு நோய்க்குள் போவதும் இல்லை. அழுவது, பேசாமல் இருப்பது எல்லாமே நோயும் இல்லை.

தைரியம் கொடுக்கலாம் என்று ஒருநாள் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னேன். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமாக இருந்தவர். அவன் முழுதும் கேட்டான். “அவங்க டாக்டர் சார். உக்காந்து செய்யலாம். நான் சாரத்துல நிக்கிறவன்.” பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது முறையாக நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மூத்திரத்தில் கிருமி. அம்மா மருந்து வாங்கப் போயிருந்தார். தண்ணீர் குடிக்காவிட்டால் இப்படித்தான் வரும் என்று நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “குடிச்சா மூத்திரப் பை ரொம்பும். ரொம்புனா ஆத்தாதான் ஊத்தணும். ஆத்தாதான் கழுவி விடணும். எனக்கு மாமன் மகளப் பேசி வச்சிருந்தாக சார்.”

மூன்று வாரமாக நான் அவன் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். அவன் பிரச்சினை காலில் இல்லை. பெற்ற தாய் தன் உடம்பைக் கழுவும் நேரத்தைக் குறைக்க, டீயைக் குடிக்காமல் விட்டிருக்கிறான். அதற்குத்தான் நான் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

அப்புறம் பயிற்சியை ஓரமாக வைத்தோம். சிறுநீரக டாக்டரிடம் காட்டினோம். நிரந்தரமாகப் போட்டிருந்த டியூப்பையும் பையையும் எடுத்துவிட்டு, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனே சுத்தமான டியூப்பைச் செருகி, காலி செய்து, எடுத்துவிடும் முறைக்கு மாறலாம் என்றார். கையை சோப்புப் போட்டுக் கழுவத் தெரிந்து, விரல் நன்றாக வேலை செய்தால் போதும். கொத்தனார் விரலுக்கு என்ன குறை? ஆனால் நான் படம் வரைந்து காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தேவகோட்டைப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு மேலாகச் சக்கர நாற்காலி. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் சரக்கு எடுக்கத் தானே போய் வருவார். அவரை வரச் சொன்னேன். வந்தவர், ஊர்ப் பேச்சு பேசி முடித்து, “நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் திண்ணையில இருங்க” என்று எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா முந்தானையைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். முக்கால் மணி நேரம். நடுவில் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடைய சிரிப்பு என்று புரிய எங்களுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

கதவைத் திறந்ததும் அவன் என்னிடம் சொன்னது: “டியூப் லெவல் புடிக்கிற மாதிரிதாண்ணே இது. காத்துக் குமிழி இல்லாம பாத்துக்கிட்டா சரி.” தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்துக் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதைச் சொன்னான். சாரிலிருந்து நான் அண்ணன் ஆனது அன்றைக்குத்தான். மாமன் மகளைப் பற்றியும் உள்ளே பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. என்னைவிட அவருக்குத்தான் அதற்குப் பதில் தெரிந்திருக்கும்.

அடையாள அட்டை, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, அதற்காகச் சிவகங்கைக்கு அலைந்தது எல்லாம் வேறு கதை. அதை விடுங்கள். வாசல் படிக்கு வருகிறேன்.

வீடு சின்ன ஓட்டு வீடுதான், ஆனால் தளம் தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம். மூன்று படி. அவனை வெளியே கொண்டுபோக ரெண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். தூக்கும் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆச்சி வந்து நின்று, “வயசுப் புள்ள, பாவம்” என்பார். அந்தச் சொல்லுக்குப் பயந்தே அவன் வெளியே வருவதில்லை. சாய்தளம் கட்டலாம் என்று ஒரு தாளில் நேராக ஒன்பது அடிக்கு வரைந்து கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தான்.

“வாட்டம் ஜாஸ்திண்ணே. இதுல இறக்கிவிட்டா நேரா ஆச்சி வீட்டு முகப்புல போய்த்தான் நிப்பேன்.”

நான் அவன் குறிப்பில் ‘முகவாட்டம்’ என்று எழுதியிருந்த ஆள். கொத்தனார்களுக்கு வாட்டம் என்றால் சரிவு. பாத்ரூம் தளத்தில் தண்ணீர் ஓடுவதற்குக் கொடுப்பார்களே, அது. ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. அப்படியானால் 18 அடி. தெருவில் அவ்வளவு இடம் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலேயே கரித்துண்டால் கோடு போட்டான். வீட்டுப் பக்கவாட்டில் ஒன்பது அடி, திரும்ப அஞ்சடிக்கு ஒரு சமதளம், அப்புறம் ஒன்பது அடி. அவனோடு வேலை பார்த்த பையன் ஒருவன் சிமென்ட் குழைக்க, இவன் நாற்காலியில் உட்கார்ந்து டியூப் லெவலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அதட்டினான். “மேல ஏத்துடா. இன்னும் அரை இஞ்சு. ரசமட்டத்த வையி.” நடுநடுவே கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கினான். புண் வராமல் இருக்க இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்படிச் செய்யச் சொல்லி நான் தொண்டை வற்றக் கத்தியது அதைத்தான்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் நாட்கள் இன்னும் வருகின்றன. மாமன் மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆன வாரம் என்னை வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான். நானும் போகவில்லை. ‘ஓய்வு கேட்டார்’ என்று எழுதினேன்.

அடுத்த தை வந்தபோது அம்மா வேண்டுதலை நினைத்து அழ ஆரம்பித்தார். அவன் சொன்னான்: “நான் நடந்தாத்தான்னு முருகன்கிட்டப் பேரம் பேசுனது நீ. நீயே நடந்து கழிச்சிட்டு வா.” ராத்திரி யார் புரட்டிப் போடுவார்கள் என்று அவருக்குப் பயம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனில் அலாரம் வைத்துத் தானே புரண்டு படுக்க அவன் பழகி மாதக்கணக்காகிவிட்டது. சித்தி சாப்பாடு கொண்டுவருவதாக ஏற்பாடு. அம்மா கிளம்பினார்.

மூணாம் நாள் நான் போனபோது அவன் சாய்தளத்துத் திருப்பத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். மடியில் கைக்கண்ணாடி, கையில் பாதி குடித்த டீ. நத்தத்திலிருந்து அம்மா போன். தண்ணீர் குடித்தாயா, நேரத்துக்கு டியூப் வைத்தாயா என்று அந்தப் பக்கம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் “ஆச்சு, ஆச்சு” என்றவன் கடைசியில் கேட்டான்.

“ஒனக்குக் கால் எப்படி இருக்கு? கொப்புளமா? குத்தி விடாத ஆத்தா. ராத்திரி யார்ட்டயாச்சும் கண்ணாடி வாங்கி உள்ளங்கால நல்லாப் பாத்துட்டுப் படு.”