அவனைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்தது

நம் படங்களில் நாயகனை நமக்குப் பிடிக்க வைப்பதற்கென்றே முதலில் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். அவன் தெருவில் நடந்து வருவான், திண்ணையில் இருக்கிற பாட்டி நெட்டி முறிப்பார், டீக்கடைக்காரர் "தம்பி மாதிரி ஒரு ஆளை இந்த ஏரியாவே பார்த்ததில்ல" என்பார், கூடவே வருகிற நண்பன் இவன் போன மாசம் யாருடைய ஆபரேஷனுக்குப் பணம் கட்டினான் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாக விளக்குவான். ஊரே அவனைக் கொண்டாடி முடித்துவிடும். நமக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் இரண்டாம் பாதியில் அவனை யாரோ போட்டு அடிக்கும்போது பின்னணி இசை நம்மை அழச் சொல்லும், அழுகை வராது. வெளியே வந்து "கனெக்ட் ஆகலப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்போம்.

நடிப்பு சரியில்லை, வசனம் சரியில்லை என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் நல்லவன் என்று ஊருக்கே தெரிந்திருக்கிற இடத்தில், பார்க்கிறவனுக்கு வேலையே இல்லாமல் போகிறது. சுற்றியிருக்கிறவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நமக்குத் தெரிய வரும்போதுதான் ஒரு பாத்திரம் நம்முடையவராகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது கொலை, பிறப்பு ரகசியம் மாதிரிப் பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை, சின்ன ஆசையோ சின்னப் பொய்யோ போதும். அவன் பக்கம் நிற்க வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததுமே நாம் போய் நின்றுவிடுகிறோம்.

2015-இல் மணிகண்டன் இயக்கி வந்த ‘காக்கா முட்டை’யை எடுத்துக்கொள்வோம். சென்னைக் குடிசைப் பகுதியில் இரண்டு பையன்கள், அப்பா சிறையில், இவர்கள் ரயில் பாதையில் சிந்திக் கிடக்கிற கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். இவ்வளவு வறுமையை வைத்துக்கொண்டு முதல் காட்சியிலேயே நம்மைக் கண்ணீர் விட வைக்க எவ்வளவோ வழி இருந்திருக்கும். படம் அதைச் செய்யவில்லை. பையன்கள் மரத்தில் ஏறுகிறார்கள், கூட்டில் மூன்று முட்டை இருக்கிறது, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் காக்காவுக்கே விட்டுவிடுகிறார்கள். அந்த மரத்தடியில் அவர்களைப் பாராட்ட ஒரு ஆள் கிடையாது. பார்த்தவர்கள் நாம் மட்டும்தான். பாட்டியைக் கைபிடித்துச் சாலையைக் கடத்திவிடுகிற நாயகனுக்கும் இந்தப் பையன்களுக்கும் உள்ள தூரம் இதில்தான் இருக்கிறது. இரண்டுமே நல்ல காரியம்தான், ஆனால் ஒன்றுக்கு நாமும் கூட்டத்தோடு சேர்ந்து கைதட்ட வேண்டும், இன்னொன்று நம்மிடம் தனியாகக் காட்டப்பட்டது.

அதற்குப் பிறகு அவர்களுக்கு பீட்சா ஆசை வருகிறது. விலை 299 ரூபாய். ஒரு நாள் கரி விற்றால் பத்து ரூபாய் பக்கம் கிடைக்கும். பாட்டி தோசைக்கல்லில் ஒரு பீட்சா சுட்டுக் கொடுத்துப் பார்க்கிறார், பையன்களுக்கு அது சரிப்படவில்லை. காசு சேர்ந்ததும் போகிறார்கள், காவலாளி உள்ளே விடவில்லை. சட்டைதான் பிரச்சினை என்று புரிந்துகொண்டு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் போகும்போது பெரியவன் கன்னத்தில் அறை விழுகிறது. ஒரே ஒரு அறை. ஆனால் அந்த 299 ரூபாயின் ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது, அந்தச் சட்டை எப்படி வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியும், அறைந்தவனுக்குத் தெரியாது. தியேட்டரில் அந்த இடத்தில் நம் உடம்பில் ஏறுகிற சூடு அந்த வித்தியாசத்தில் பிறப்பது. இதே அறையைப் படத்தின் ஆரம்பத்தில் வைத்திருந்தால் "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம்.

பாவம் என்று தோன்றுவது வேறு, அக்கறை வருவது வேறு. நம் கதாசிரியர்கள் பலரும் இந்த இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பாத்திரம் ஒட்டவில்லை என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் கஷ்டத்தை ஏற்றுகிறார்கள். அம்மாவுக்குப் புற்றுநோய், தங்கைக்கு வரதட்சணை, இன்டர்வெல்லுக்குப் பிறகு மழையில் நனைகிற ஒரு ஃப்ளாஷ்பேக். அந்த ஃப்ளாஷ்பேக் வருகிற நேரத்தில் நாம் அவனைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்போம், எவ்வளவு இருட்டான கடந்த காலத்தைக் காட்டினாலும் அது மாறாது. எனக்கு இதில் ரொம்பவே கோபம் வருவது, நாயகனுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒரு மனைவியையோ மகளையோ எழுதி, ஒரு பாட்டு முடிகிற வரை சிரிக்க வைத்து, பிறகு கொன்றுவிடுகிற பழக்கம். அந்தப் பெண்ணைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? எதற்குப் பயப்படுவாள், கணவனிடம்கூடச் சொல்லாமல் எதை வைத்திருந்தாள்? ஒன்றும் தெரியாது. அவள் செத்த பிறகு நாயகன் கத்துவதை நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கஷ்டத்தைக் காட்டக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2018-இல் வந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ அளவுக்கு அவமானத்தை நேருக்கு நேராகக் காட்டிய படம் அதிகம் இல்லை. கூடப் படிக்கிற ஆதிக்க சாதிப் பெண் ஜோ கூப்பிட்டாள் என்று அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறான், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பரியன். அங்கே ஒரு அறைக்குள் வைத்து அவள் சொந்தக்காரர்கள் அவனை என்ன செய்கிறார்கள் என்பது பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனால் அந்தக் காட்சியைவிட என்னை ரொம்ப நாள் விடாமல் பிடித்திருந்தது அதற்குப் பிறகு நடப்பதுதான். அவன் ஜோவிடம் சொல்லவில்லை. அவள் வந்து வந்து பேசுகிறாள், ஏன் விலகுகிறான் என்று புரியாமல் கோபித்துக்கொள்கிறாள், இவன் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு முறை சிரித்துக்கொண்டு கிட்டே வரும்போதும் அந்த அறை நமக்கு ஞாபகம் வருகிறது, அவளுக்கு அப்படி ஒரு அறை இருப்பதே தெரியாது. அடி விழுந்த காட்சி சில நிமிடம்தான், அதை அவனோடு சேர்ந்து நாமும் மூடி மறைத்துக்கொண்டு திரிவது அதற்குப் பின் வருகிற படம் முழுக்க. அவன் அன்று இரவே எல்லாவற்றையும் நண்பனிடம் சொல்லி ஓவென்று அழுது, நண்பன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் நமக்குச் சுமக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

எழுத்தில் இதைச் செய்வது இன்னும் கடினம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எழுதுகிறவன் நினைத்தால் பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியும். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு ஒரு நிதானம் வேண்டும். கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஏழை வீட்டுக் குழந்தைகளும் பணக்கார வீட்டு ராமசாமியும் எங்கள் வீட்டில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்று போட்டி போடுவதில் கதை தொடங்குகிறது. ராமசாமியிடம் சில்க் சட்டை இருக்கிறது என்றால் மங்கம்மாள் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு ராஜா என்ற பையன் ஒருவன், யாருமில்லாதவன், உடம்பெல்லாம் சிரங்கோடு அந்த வீட்டு வாசலுக்கு வருகிறான். மங்கம்மாளின் அம்மா அவனை உள்ளே அழைத்து, விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, தன் கணவனுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுத் துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். ராமசாமி வீட்டுக்கோ ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்கிறார், எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று அவன் சொல்ல, எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள் மங்கம்மாள். அதோடு சரி. அந்தத் துண்டு யாருக்காக வாங்கியது, அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் அந்தத் தாய் எவ்வளவு யோசித்தாள் என்பதெல்லாம் ராமசாமிக்குத் தெரியாது. அழகிரிசாமியும் அவனுக்கு விளக்க முயலவில்லை. அந்தப் பெண் குழந்தையின் உள்ளத்தில் எவ்வளவு பெருமிதம் என்று ஒரு பத்தி எழுத எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! எழுதியிருந்தால் அந்தப் பெருமிதம் நமக்கு வந்திருக்காது.

சரி, நல்லவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்துமா என்றால், மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 1978-லேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. காளி முரடன், திமிர் பிடித்தவன், மேலதிகாரியாக வருகிற என்ஜினியரிடம் ஒருநாளும் ஒத்துப்போகாதவன். மலையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற விஞ்ச் வண்டியை ஓட்டுகிற இடத்தில் விதியை மீறுகிற ஒரு தொழிலாளிதான் என்ஜினியர் கண்ணுக்குத் தெரிகிறான், அவர் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து அவன் வீட்டுக்குள் போன பிறகு தங்கை வள்ளியிடம் எப்படி இருக்கிறான் என்பதை நாம் பார்த்திருக்கிறோம், அவர் பார்க்கவில்லை. அதனால்தான் அவன் செய்கிற தப்பு தப்பென்று தெரிந்தே அவன் பக்கம் இருக்கிறோம். கடைசியில் தங்கையை அவருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறபோதுகூட, உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதிக்கிறான். அந்த இடத்தில் அவனைத் திருத்தி, கையெடுத்துக் கும்பிட வைத்திருந்தால் அவ்வளவு நேரம் நமக்குத் தெரிந்த காளி அங்கே இருந்திருக்க மாட்டான்.

சமீபத்தில் இதை வேறு மாதிரி திருப்பிப் போட்ட படம் பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ (2024). பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிற அருள்மொழியை ஒருவன் அத்தான் அத்தான் என்று உருகி உருகிக் கவனிக்கிறான். அருளுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை, பெயர்கூட ஞாபகம் இல்லை, கேட்கவும் கூச்சம். இங்கே நமக்குத் தெரிந்த ரகசியம் அருளின் மறதி. அந்தப் பெயர் நமக்கும் தெரியாது, அதனால் அவரோடு சேர்ந்து நாமும் மாட்டிக்கொள்கிறோம், அவன் அன்பாக ஏதாவது செய்யச் செய்ய நமக்கே கூச்சமாக இருக்கிறது. அருளின் குடும்பம் தஞ்சாவூரை விட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள்தான் தன் குடும்பத்தை நிமிர்த்தியது என்று அவன் சொல்கிற இடத்தில் அந்தக் கூச்சம் தாங்க முடியாமல் போகிறது, அருளும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி ஓடுகிறார். படம் நீளம் என்று பேச்சு வந்து, வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். எனக்கு அந்த நீளம் உறுத்தவில்லை. ஒரு பொய்யை ஒரு ராத்திரி முழுக்கக் காப்பாற்றுவது எவ்வளவு பாரம் என்பது அந்த ராத்திரி நீளமாக இருந்தால்தானே தெரியும்.

அப்படியானால் அந்த ரகசியத்தை எப்போது உடைப்பது, உடைக்கவே கூடாதா என்ற கேள்வி வருகிறது. உடைக்கலாம், பல நல்ல கதைகளில் உடைகிறது. ஆனால் உலகத்துக்கு எல்லாம் தெரிந்து, எல்லோரும் வருந்தி, நாயகனைத் தோளில் தூக்கிய பிறகு நாம் மறுபடி கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறோம். ‘காக்கா முட்டை’யின் முடிவை இதற்காகவே நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அறைந்த விஷயம் வெளியே தெரிந்து, கடைக்காரர்களே பையன்களை மரியாதையாக அழைத்து உட்கார வைத்து பீட்சா கொடுக்கிறார்கள். ஊர் முழுக்கப் பார்க்கிறது. பையன்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இது நன்றாகவே இல்லை, ஆயா சுட்ட தோசையே தேவலை என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆயா அப்போது உயிரோடு இல்லை. அத்தனை கேமராவுக்கு நடுவிலும் அவர்கள் மனதில் இருந்தது மறுபடி நமக்கு மட்டும்தான் கேட்டது.

குறும்படம் எடுக்கிற நண்பன் ஒருவன் போன மாதம் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தான். ஏடிஎம் வாசலில் இரவுக் காவல் பார்க்கிற ஒரு நடுவயது மனிதர். முதல் பக்கத்திலேயே மகன் ஆஸ்பத்திரியில், இரண்டாம் பக்கத்தில் மனைவி போனில் அழுகிறாள், மூன்றாவதில் மேனேஜர் வந்து எல்லோர் முன்னாலும் "படிக்காத ஆளு" என்று திட்டுகிறார். ஆஸ்பத்திரியையும் போனையும் எடுத்துவிடு என்றேன். அதற்குப் பதிலாக, ஜனங்கள் எடுத்துப் படித்துவிட்டுக் கீழே போடுகிற ரசீதுச் சீட்டுகளை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பின்பக்கத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள், யாரிடமும் சொல்லாமல் பரீட்சை எழுதப் போகிறார், வீட்டில்கூடத் தெரியாது, அப்புறம் மேனேஜர் அதே வார்த்தையைச் சொல்லட்டும் என்றேன். அவனுக்குப் பிடித்துவிட்டது, அன்றைக்கே திருத்தி எழுத உட்கார்ந்துவிட்டான். எங்களுக்குள் ஒத்துவராதது ஒன்றே ஒன்றுதான். கடைசி சீனில் மேனேஜர் ஒரு சீட்டையாவது எடுத்துப் பார்த்து வெட்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஆடியன்ஸ் ஏமாந்துபோவார்கள் என்கிறான் அவன். மேனேஜர் அதைக் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிறேன் நான். அடுத்த வாரம் ஷூட்டிங், இன்னும் சண்டை தீரவில்லை.