இருக்கிறதே ஒரு பளிங்கு

துளிக்குள் வளர்ந்த பளிங்கு உப்பா புரதமா என்று தெரியாமல், எக்ஸ் கதிரால் அதன் கட்டமைப்பைப் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மாணவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் துளியில் வந்த ஒரே பளிங்கை உடைத்துப் பார்க்கச் சொன்னபோது ஒரு மாணவப் பிள்ளை கேட்ட கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

“இருக்கிறதே ஒண்டு, சேர். அதை ஏன் உடைக்கோணும்?”

“உப்பெண்டா அனுப்பி என்ன பயன்?”

“புரதமெண்டா?”

அந்தத் துளி போட்ட முறை இது. தேக்கக் குழியில் 500 மைக்ரோலீற்றர்: 0.2 மோலர் கல்சியம் அசற்றேற்று, 20 சதவீதம் பெக் 3350 (புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் பல்பகுதியம்). குழியை மூடும் கண்ணாடியில் தொங்கும் துளியில் புரதக் கரைசல் 1 மைக்ரோலீற்றர், தேக்கக் கரைசல் 1 மைக்ரோலீற்றர். புரதம் இருந்ததோ பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில். கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்தால் புரதமே இல்லாமலும் பளிச்சென்ற பளிங்கு வந்துவிடும். சந்தேகப்பட அது போதும். இப்போதும் போதும் என்றே நினைக்கிறேன். பொசுபேற்று இல்லாத திரிஸ் அல்லது ஹெப்பெஸ் தாங்கற் கரைசலுக்கு மாற்றிவிட்டுத் தட்டுப் போட்டிருந்தால் பேச்சே எழுந்திராது.

உடைக்காமல் பார்க்க வழியில்லையா? இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஓட்டை. ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் முனைவாக்கிக்குக் கீழே உப்பு கடும் நிறங்களில் மின்னும், புரதம் மங்கலாகவே தெரியும். கனசதுரப் பளிங்கென்றால் எதுவுமே தெரியாது, பிளாஸ்டிக் தட்டு தானே நிறம் காட்டியும் ஏமாற்றும். புறஊதா நுணுக்குக்காட்டி இருந்தால் புரதத்திலுள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் ஒளிரும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை. மெதிலீன் நீலம் அரை மைக்ரோலீற்றர் விடலாம். புரதப் பளிங்கில் சராசரியாகப் பாதி கரைப்பான்தான், அந்தக் கால்வாய்களுக்குள் சாயம் ஏறி நீலமாகும், உப்பில் ஏறாது. கால்வாய் மிக ஒடுங்கியிருந்தால் புரதத்திலும் ஏறாது.

பொறுத்திருந்தாலும் கொழும்பில் பயம்தான். 20 பாகையில் வளர்ந்த துளி. இரவில் ஏசி நின்றால் அறை 30 பாகைக்குப் போகும், கரைதிறன் மாறும், காலையில் துளி வெறுமையாக இருக்கலாம். குளிர்ந்த மூடியைத் திறந்து வெளியே வைத்தால் ஈரக் காற்று அதில் பனிக்கும். அந்த நீர் துளியில் சேர்ந்தால் முதலில் பளிங்கின் கூர் விளிம்புகள்தான் மழுங்கும்.

அதனால் ஊசி. அக்குபங்சர் ஊசி முனையால் மெல்ல அழுத்த வேண்டும். உப்பு இறுகி நின்று ‘டிக்’கென்று வெடிக்கும், புரதம் சத்தமில்லாமல் நொறுங்கும். இது நொறுங்கியது. புரதம்.

துகளை வீசவில்லை. 50 மைக்ரோலீற்றர் தேக்கக் கரைசலில் எடுத்து, துகளை இன்னும் நுணுக்கும் சிறு மணியொன்று (விதை மணி) போட்டுக் குலுக்கி, இடையிடையே ஐஸில் வைத்து, 100 மடங்கும் 1000 மடங்கும் ஐதாக்கிப் புதிய துளிகளில் விட்டோம். முன்பு ஒன்று வந்த இடத்தில் பல வந்தன. உடைத்ததுதான் அவற்றுக்கு வித்து என்று நான் வாதாடலாம், வாதாடியும் இருக்கிறேன். ஆனால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய தகடுகள். அப்படிப்பட்டவற்றில் எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலாவது தடிப்பாக, தனியாக இருந்தது. அது எந்த அளவுக்குக் கதிரைச் சிதறடித்திருக்கும் என்று இனி யாரும் அளக்க முடியாது.

இப்போது ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் புரதமில்லாத துளியொன்று வைக்கச் சொல்கிறேன். அதே தாங்கற் கரைசல், அதே அளவு. அதிலும் பளிங்கு வந்தால் உப்பு, விட்டுவிடலாம். வராவிட்டால் புரதம் என்று அறுதியாகச் சொல்ல முடியாது, கேள்வி திரும்பவும் ஊசிக்கே வரும். அன்றும் கையில் ஒன்றே இருந்தால்? பொசுபேற்றுக் கலந்த துளியென்றால் உடை என்றுதான் சொல்வேன். இல்லையென்றால் பனிக்கட்டி உருவாகாதிருக்க 25 சதவீதக் கிளிசரோலில் தோய்த்து, நைலோன் வளையத்தில் எடுத்து, திரவ நைதரசனில் போட்டு அனுப்பச் சொல்வேனோ என்னவோ.