பாட்டை ஓட்டிவிடாமல் பார்ப்பது

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலையில், மதுரையில் ஒரு நண்பரின் வீட்டு மாடி அறையில் கூடிப் பழைய தமிழ்ப் படங்களைப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பல வயதினரும் வருகிறார்கள். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: படம் தொடங்கிவிட்டால் எந்தக் காட்சியையும், குறிப்பாகப் பாடல்களை, ஓட்டிவிடக் கூடாது.

அதன் அருமை ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்தபோதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஏ. பி. நாகராஜன் இயக்கி 1968-இல் வந்த அந்தப் படத்தின் ‘நலந்தானா’ பாடலைக் கைப்பேசியில் தனியாகப் பார்க்காதவர்கள் எங்களில் யாருமில்லை. ஆனால் நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் பட்ட பிணக்கையும் பிரிவையும், அவர் கையில் பாய்ந்த கத்தியையும் வரிசையாகப் பார்த்துவிட்டு அந்தப் பாடலுக்கு வந்து சேரும்போது, நேரில் கேட்க முடியாத நலத்தை ஒருத்தி ஆயிரம் பேர் நடுவே ஆடியபடியே கேட்கிறாள் என்பது நெஞ்சில் தைக்கிறது. எங்களோடு அமர்ந்திருந்த, இளமையில் நாதஸ்வரம் கற்ற நண்பர் ஒருவர், சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜியின் முகத்தை விட்டுவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்; உண்மையில் நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்திருந்தும், மூச்சு இழுக்கும் இடமும் கன்னம் புடைக்கும் இடமும் இவ்வளவு பொருந்துவது வெறும் நடிப்பினால் வருவதில்லை, உட்கார்ந்து கவனித்த உழைப்பினால் வருவது என்று அவர் சொன்ன பிறகு, அன்று யாருக்கும் வீட்டுக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

பாடலே இல்லாத ‘அந்த நாள்’ எங்களுக்கு வேறு வகைச் சோதனையாக இருந்தது. வீணை எஸ். பாலசந்தர் ஏவிஎம் நிறுவனத்துக்காக 1954-இல் இயக்கிய படம் அது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளையொட்டிக் கதை நடக்கிறது. ரேடியோ என்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பிறகு அவனைச் சூழ்ந்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைத் துப்பறியும் அதிகாரியிடம் சொல்கிறார்கள். ‘பராசக்தி’யில் அறிமுகமாகி இரண்டே ஆண்டுகளான சிவாஜி, ரசிகர்கள் கைதட்டக் காத்திருந்த காலத்தில், தொடக்கத்திலேயே செத்து விழுகிற, அதிலும் வெறுக்கத்தக்க செயல் செய்யும் ஒருவனாக நடிக்க ஒப்புக்கொண்டதை நான் பெருந்துணிச்சல் என்றே சொல்வேன். முடிவைப் பார்க்காதவர்களுக்காக அதை இங்கே எழுதவில்லை. ராஜன் பக்கம் நியாயம் உண்டா என்பதில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே மூண்ட வாதம் மட்டும் இரவு உணவு ஆறிப்போகும் வரை நீண்டது.

பெரியவர்கள் வருவதால் கிடைக்கும் இன்னொரு வரம், படத்தோடு சேர்ந்து அது ஓடிய தியேட்டரும் வந்துவிடுகிறது. ‘பராசக்தி’ பார்த்த அன்று, 1952 தீபாவளிக்கு அதே படத்துடன் திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றித் தம் தந்தையார் சொன்னதை ஓர் ஆசிரியர் விவரித்தார். அந்தத் தியேட்டர் இன்று இல்லை. அதைப் பார்த்தே இராத பிள்ளைகள், தரை டிக்கெட் என்றால் என்ன, பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எங்களுக்குள்ள பெரிய குறை நல்ல பிரதிகள் கிடைக்காததுதான். இணையத்தில் கிடைப்பவற்றில் பல, காட்சிகள் நறுக்கப்பட்டும், ஓரங்கள் வெட்டப்பட்டும், நடுவே யாரோ ஒருவரின் முத்திரை குத்தப்பட்டும் இருக்கின்றன. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ போன்ற பேசாப் படங்கள் அடியோடு அழிந்துவிட்ட ஒரு மொழியில், எஞ்சியிருப்பதையாவது முழுமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆகவே யாரிடமாவது பழைய குறுந்தகடு இருந்தால் அதைத் தேடி வாங்கி, நறுக்கப்படாத படம்தானா என்று முன்கூட்டியே ஒருவர் பார்த்துவிடுகிறார்.

அடுத்த மாதத்துக்கு, மூன்று தீபாவளிகளைக் கண்டும் தியேட்டரில் ஓடிய, எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ வேண்டும் என்று ஆசிரியர்களும், டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் சிரிக்க வைக்கும் ‘சபாபதி’ வேண்டும் என்று மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். ‘ஹரிதாஸ்’ பிரதியைத்தான் இப்போது சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.