மணிக்கு ஐந்தரை டாலர்

கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும். ஒரு பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தான். பழைய பாக்கெட் முன்னால், புதுசு பின்னால். அவ்வளவு கவனம்.

எனக்கு அமெரிக்க ஃபுட்பால் வீரர் கர்ட் வார்னர் ஞாபகம் வந்துவிட்டது.

1994-இல் அங்குள்ள பெரிய லீகான என்எஃப்எல்லின் எந்த அணியும், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை எடுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் அணி முகாமுக்குக் கூப்பிட்டு, சீசனுக்கு முன்பே அனுப்பிவிட்டது. அப்புறம் அயோவாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை. அலமாரி அடுக்க மணிக்கு 5.50 டாலர்.

பந்து எறிந்து பழகிய கைக்கு டப்பா அடுக்கும் வேலை! அந்த இரவுகளில் என்னதான் நினைத்திருப்பார்?

பிறகு உள்ளரங்க ஃபுட்பால், ஆம்ஸ்டர்டாமில் ஒரு சீசன் என்று சுற்றிவிட்டு, 1999-இல் என்எஃப்எல் அணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸில் மாற்று ஆட்டக்காரர். பயிற்சி ஆட்டத்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முதன்மை குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனது. 28 வயது வார்னர் இறங்கினார். அந்த சீசனில் 41 டச்டவுன் பாஸ், அதாவது புள்ளியில் முடிந்த எறிதல்கள். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் எறிந்தே 414 யார்டு, கோப்பை, ஆட்டநாயகன் விருது. அந்த ஆட்டத்தின் கடைசி நொடியில் எதிரணி ஆட்டக்காரரை கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தூரத்தில் மடக்கிப் பிடித்தார் ராம்ஸின் மைக் ஜோன்ஸ். அது நடக்காவிட்டால் கதையே வேறு மாதிரி போயிருக்கலாம்.

எல்லோரும் வார்னரைத்தான் சொல்கிறோம், நானும்தான். ஆனால் இன்று பில் போட நிற்கும்போது மனசு கிரீனிடம் போய் நின்றது. தன் இடத்தில் இன்னொருவர் ஜெயிப்பதை, கட்டுப்போட்ட காலோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதம்.