மலையேறிய சீட்டுக்கட்டு

போன ஞாயிறு ஏற்காட்டில் அக்கா வீட்டில் சீட்டு மேஜிக் காட்டப்போய் மானம் போனது. சின்னக்கடை வீதியில் அவசரத்துக்கு வாங்கிய மெல்லிசுக் கட்டு. சேலத்தில் விசிறி மாதிரி அழகாக விரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிப் பக்கம் பனியில் ஒரு மணி நேரம் சுற்றியதும் அப்பளமாக நமத்துப்போய், மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு வந்தது. "மாமா, ரெண்டு சீட்டு எடுக்கறீங்க!" என்று அக்கா பையன் கத்திவிட்டான். இரண்டில்லை, மூன்று எடுத்திருந்தேன்.

சரி என்று இப்போது பைசைக்கிள் கட்டு வாங்கியாச்சு. 1885 முதல் அமெரிக்காவில் வரும் சீட்டுக்கட்டு பிராண்டின் பெயர் அது. சீட்டின் மேல் பொடிப்பொடிக் குழிகள். அதில் காற்று நிற்பதால் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. முதுகுப் பக்கம் வெள்ளை ஓரம் இருப்பதுதான் எனக்கு முக்கியம். நடுவில் ஒரு சீட்டைப் புரட்டி வைத்தாலும் ஓரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அகலம் இரண்டரை அங்குலம். கை சின்னதென்றால் கால் அங்குலம் குறைவான பிரிட்ஜ் சைஸ் போதும். முழு பிளாஸ்டிக் கட்டு ரம்மிக்கு ஆகும், எனக்குக் கையில் நிற்கவில்லை.

இதுவும் காகிதம்தான், பனி விடாது. ஜிப் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறு மறுபடி ஏறுகிறேன். பையனிடம் இன்னும் சொல்லவில்லை.